அறுநூறு புள்ளியில் ஒரு மூக்கு

"மூடியைத் தூக்காதீங்க சம்பந்தி, வெளிச்சம் இன்னும் ஓடிட்டிருக்கு!" என்று கத்தினார் சர்வேயர்.

கண்ணாடிக் கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். ஸ்கேனர் மூடியின் இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல ஊர்ந்துபோய் மறுமுனையில் நின்றது.

சர்வேயர்தான் பெண்ணின் அப்பா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் சட்டைப் பையில் ஸ்கேல் இல்லாமல் வெளியே போகாதவர். கண்ணாடிக் கடைக்காரர் மாப்பிள்ளையின் அப்பா. மூக்குக்கண்ணாடி விற்பவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பேத்தி. அவள் இப்போது கண்ணாடிக் கடைக்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டு, மேஜையை இரண்டு கையாலும் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆல்பங்களில் பூஞ்சை ஏறுகிறது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். அதற்காகத்தான் இருவரும் சேர்ந்து கடைக்குப் போய் ஸ்கேனர் வாங்கிவந்தார்கள்.

கடையில் இருந்த பெண் முதலில் காட்டியது, தாளை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்புகிற ரகம். சர்வேயர் தலையை ஆட்டிவிட்டார். அவர் வீட்டு ஆல்பத்தில் படங்கள் அட்டையோடு அட்டையாக ஒட்டிப்போயிருந்தன. பிய்த்தால் முகம் போய்விடும். பக்கத்தை அப்படியே குப்புறப் படுக்கவைத்து மூடுகிற ரகம்தான் வேண்டும், மூடியும் ஆல்பத்தின் தடிமனுக்கு ஏற்றபடி உயர வேண்டும் என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒவ்வொரு ஸ்கேனரின் கண்ணாடியையும் துணியால் துடைத்து, சாய்த்துப் பார்த்து, கீறல் தேடினார். அங்குலத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் புள்ளி என்று அந்தப் பெண் ஒன்றைப் புகழ்ந்தாள்.

"நமக்கு எதுக்கும்மா அவ்வளவு? ஒரு மூக்கு தெரிஞ்சா போதும்" என்றார் அவர்.

உண்மையான காரணம் அதுதான். மூக்கு.

பேத்தியின் மூக்கு தன் மகளின் மூக்கு என்று சர்வேயர் ஒருநாள் போனில் வாயைவிட்டுவிட்டார். அச்சு அசல் தன் மகனின் மூக்கு என்று கண்ணாடிக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். படத்தை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், இரண்டு வீட்டிலும் குழந்தைக் காலத்துப் படங்கள் தீப்பெட்டி அளவில்தான் இருந்தன. அதில் முகமே ஒரு மிளகு.

அறுநூறு புள்ளியில் கண்ணாடிக் கடைக்காரரின் மகன் திரையில் வந்தான். ஒரு வயது. தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து, வாயில் கட்டைவிரல். அவர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க மூக்கு.

"பாருங்க. தண்டு தாழ்வு, நுனி உருண்டை. இந்த மூக்குல எந்த ஃப்ரேமும் நிக்காது. தினம் நூறு மூக்கு பாக்கிறவன் சொல்றேன்!"

சர்வேயர் அசரவில்லை. மழைக்கோட்டும் ஓட்டைப் பல்லுமாக நின்ற தன் மகளைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். திரையில் ஸ்கேலை வைத்து அளந்தார். அதே ஸ்கேலோடு பேத்தியின் முகத்துக்குக் குனிந்தார். பேத்தி அதைப் பிடுங்கி, முனையைக் கடித்துப் பார்த்தாள்.

"எல்லைக்கல் நட்ட மாதிரி இருக்கு. எந்தக் கோர்ட்டுக்கு வேணா வாங்க, நிரூபிக்கிறேன்" என்றார் சர்வேயர்.

பால் புட்டியோடு வந்த அவர் மகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

தன்னைச் சிரிக்கவைக்கத்தான் இரண்டு பேரும் நடிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அப்பாவின் காது மடல் சிவந்திருந்தது. மாமனார் தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடிப்பில்லை. இது நிஜச் சண்டை.

போன வருஷம் அவளும் கணவனும் இந்த இரண்டு பேரையும் இதே அறையில் உட்காரவைத்துத்தான் தங்கள் முடிவைச் சொன்னார்கள். அன்று அப்பா ஜன்னலைப் பார்த்தார். மாமனார் காலி டம்ளரை எடுத்துக் குடித்தார். கடைசியில் இருவரில் ஒருவர், "யார் பெத்த பிள்ளையோ என்னவோ" என்றார். மற்றவர் தலையை ஆட்டினார். சொன்னது யார், ஆட்டியது யார் என்பதை அவள் வேண்டுமென்றே மறந்துவிட்டாள்.

ஆனாலும் காப்பகத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வாசலில் இறங்கியபோது அவள் அதன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பால் ஆறிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போகவில்லை. இந்தச் சண்டையை நிறுத்த அவளுக்கு மனமில்லை.

பேத்தி ஸ்கேலைக் கீழே போட்டாள். மூக்கைச் சுருக்கினாள். கண்ணை மூடி, உடம்பே குலுங்கும்படி ஒரு தும்மல் போட்டாள்.

இரண்டு தாத்தாக்களும் ஒரே நேரத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள்.

"எங்க வீட்டுத் தும்மல்!"