சாருக்குக் கண்ணு மங்கிப்போச்சு

"சாருக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னா கண்ணாடி போட்டுக்கட்டும். அதுக்கு ஆபீஸ் மொத்தமும் அவதிப்படணுமா?"

ஸ்டோர்ஸ்காரர் சிஸ்டம்காரரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

போல்ட், நட்டு விற்கும் கம்பெனி அது. கம்ப்யூட்டர்களில் புது வெர்ஷன் வந்து இறங்கியதிலிருந்தே சிஸ்டம்காரருக்குச் சோறு தண்ணி இல்லை. எக்ஸெலில் 3/8 இன்ச் போல்ட் எல்லாம் 'மார்ச் 8' ஆகிவிட்டது.

"போல்ட்டுக்குப் பிறந்தநாளா? கேக் வெட்டிடலாமா?" என்று பில்லிங் பெண் கிண்டலடித்தாள்.

அவர் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, தேதியைத் திரும்ப அளவாக மாற்றி, அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் மேனேஜர் கூப்பிட்டார்.

"புது வெர்ஷன்ல எழுத்து ரொம்பப் பொடியா வருதுப்பா. எல்லா மெஷின்லயும் சைஸை இருபத்தி நாலுன்னு வச்சிடு."

"எல்லாத்துலயுமா சார்?"

"எல்லாத்துலயும்."

வைத்தார். பெரிதான எண்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஸ்டாக் இருந்த இடமெல்லாம் ##### என்று முள்வேலி போட்ட மாதிரி ஆயிற்று. கட்டத்தை அகலமாக்கினார். எண் தெரிந்தது, பாதி ஷீட் திரைக்கு வெளியே போய்விட்டது. போல்ட்டின் பேரைப் பார்க்க இந்தப் பக்கம், ஸ்டாக்கைப் பார்க்க அந்தப் பக்கம் என்று எல்லாரும் நாள் முழுக்க மவுஸை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள பழையபடி மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா ஹெட் ஆபீஸுக்கு மெயில் போயிடும், எல்லாரும் பேசி வச்சாச்சு. ப்ரமோஷனுக்குக் காத்திட்டிருக்காருல்ல, அதுவும் போகட்டும்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

சிஸ்டம்காரர் மேனேஜர் அறைக்குக் கிளம்பினார். கடைகளிலிருந்து வரும் ஆர்டரைப் பதிகிற அக்கா ஜன்னலோர சீட்டிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். இத்தனை களேபரத்திலும் ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

"தம்பி, சார்கிட்ட கடிஞ்சு பேசாதீங்க. கண்ணு சரியா தெரியலன்னா எவ்வளவு கஷ்டம்னு..." பாதியில் நிறுத்திவிட்டு, கைப்பையைத் துழாவி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சவங்க பார்த்துக்கிட்ட டாக்டர். கைராசிக்காரர். நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, சங்கடப்படுவார்."

உள்ளே போனதும் சிஸ்டம்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், உங்க மெஷின்ல மட்டும் பெருசா வச்சுக்கலாமே. மத்தவங்களுக்குப் பழையபடி..."

"வேண்டாம்."

"ஹெட் ஆபீஸுக்கு எழுதப் போறாங்க சார். உங்க ப்ரமோஷன்..."

"எழுதட்டும்."

சிஸ்டம்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு இவ்வளவு வீம்பா? கார்டை மேஜை ஓரத்தில் வைத்தார்.

மேனேஜர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடியே படித்தார்.

"முன்பதிவு அவசியம். ஞாயிறு விடுமுறை."

கார்டிலேயே பொடி எழுத்து அந்தக் கடைசி வரிதான். சிஸ்டம்காரர் மேனேஜரின் திரையை எட்டிப் பார்த்தார். அவர் வைத்துவிட்டுப் போன இருபத்தி நாலை அதில் காணோம்; எண்கள் எறும்பு சைஸில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"சார், உங்க கண்ணு..."

"கதவைச் சாத்துப்பா."

சாத்தினார்.

"இது ஆர்டர் அக்கா குடுத்ததுதானே?"

சிஸ்டம்காரர் கார்டைப் பார்த்தார்.

"போன வாரம் என் மாமியாரை இதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். அக்கா அங்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டிருந்தாங்க. அப்புறம் வந்து எனக்குப் பக்கத்து நாற்காலிலதான் உட்கார்ந்தாங்க. நான்தான்னு அவங்களுக்குத் தெரியல. நானும் பேசல."

புது வெர்ஷன் வந்த அன்று, திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தது இப்போதுதான் சிஸ்டம்காரர் ஞாபகத்துக்கு வந்தது.

"அவங்க மெஷின்ல மட்டும் பெருசு பண்ணினா, ஏன்னு நாலு பேர் கேப்பாங்க. ஹெட் ஆபீஸ் வரைக்கும் போகும். கண்ணு தெரியாத ஆளை வச்சு ஆர்டர் போடறீங்களான்னு மறுநாளே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. அந்த வீடு ஓடறதே அவங்க சம்பளத்துலதான்."

"அப்ப மெயில், சார்?"

மேனேஜர் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போடட்டும்பா. அடுத்த மாசம் அவங்களுக்கு ஆபரேஷன். அது நல்லபடியா முடியற வரைக்கும், இந்த ஆபீஸ்ல கண்ணு தெரியாதவன் நான்தான்."