நாற்காலித் துண்டு

கோதண்டம் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் தன் பச்சைத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போவார். துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறார் என்று அந்த அலுவலகத்தில் அர்த்தம். சூப்பிரண்டு மேடம் எட்டிப் பார்த்தாலும் திருப்தியாகத் திரும்பிவிடுவார். அதே நம்பிக்கையில் கோதண்டம் கணினித் திரையையும் எரியவிட்டே போவார். பூட்டினால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமே!

அன்று திரும்பியபோது அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கை மெஹருன்னிசா அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவர் பெயரில் ஓர் இடமாறுதல் விண்ணப்பம்: மலையுச்சிக் கிளைக்கு, மனமுவந்து. அனுப்பும் பொத்தானுக்கு மேல் அவள் விரல்.

"ஐயோ, வேணாம்மா! சொந்த ஊருக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"நான் எங்க சார் எழுதினேன்? நீங்கதான் எழுதியிருக்கீங்க. துண்டைப் பாத்து மேடம் நம்புறாங்கல்ல, இந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். இதுக்கு உங்க முகம் தெரியாது. தெறந்து வச்சிட்டுப் போனா, யார் விரல் பட்டாலும் கோதண்டம் சார்னுதான் நெனச்சுக்கும்."

விண்ணப்பத்தை அழித்துவிட்டு, எந்த இரண்டு விசைகளை அழுத்தினால் திரை பூட்டும் என்று நாலைந்து தரம் ஆசையாகச் செய்து காட்டினாள். கடவுச்சொல்லையும் மாற்ற வைத்தாள்.

மறுநாள் பூட்டிவிட்டே டீக்குப் போனார். திரும்பி வந்து பழக்கத்தில் பழைய கடவுச்சொல்லையே அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு.

"என்னம்மா இது, என்னையே உள்ள விடமாட்டேங்குது?"

"இப்பதான் சார் ஒழுங்கா வேலை பாக்குது."

கோதண்டம் துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். திரையைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, புதுக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.