மேலே மட்டும் தேக்கு

ஒரு மேசையின் மேல் காகிதக் கனத்தில் ஒட்டியிருந்த தேக்குத் தகட்டுக்கு வெனீர் என்று பெயர். அடியில் முழுக்க பிளைவுட்.

"மரவேலையில பிறந்த என் பேரு இங்கிலீஷ்ல எங்கே போயிருக்கு தெரியுமா?" என்றது வெனீர். "உள்ளே எரிச்சலை வச்சுக்கிட்டு ஒருத்தர் வெளியே சிரிச்சா, அந்தச் சிரிப்புக்கும் வெனீர்னுதான் பேரு."

"பெரிய கௌரவம்தான் அக்கா," என்றது பிளைவுட்.

அப்போது ஒரு கரையான் மேசைக்காலைத் தட்டியது. "யாருங்க உள்ளே? சாப்பிட வரலாமா?"

பிளைவுட் தாழ்ந்த குரலில், "அக்கா, முழுக்கத் தேக்குன்னு சொல்லிடுங்க," என்று கெஞ்சியது.

"முழுக்கத் தேக்கு," என்றது வெனீர்.

"ஐயோ, அது எங்களுக்குச் செரிக்காது. மேலே கீழே எல்லாரும் ஒரே குடும்பமா? நல்லா இருங்க, கிளம்புறேன்."

வெனீருக்குச் சுருக்கென்றது. "ஒரே குடும்பமா? யோவ், நில்லு! தேக்கு நான் மட்டும்தான். கீழே இருக்கிறது வெறும் பிளைவுட்."

கரையான் சொந்தபந்தங்களோடு திரும்பி வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் பலகையில் வெனீர் மட்டும் மிஞ்சியது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், "அடடா, அசல் தேக்கு!" என்று மெச்சி, அதன்மேல் காபி டம்ளரை வைத்தார்.

வெனீர் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் டம்ளர் தரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.