சந்தனம் அப்பிய தொட்டி

கேரவனுக்குள் அம்மன் வேஷத்தைக் கலைக்க முகமெங்கும் சோப்பு போட்டிருந்த நடிகை மிருதுளா, "அண்ணே, கண்ணு எரியுது! தண்ணி எங்கண்ணே?" என்று கத்தினாள். வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த டிரைவர் பொன்னுரங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறது. ஆனால் ஒரு கை அள்ளுவதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. காலையிலிருந்து ஃபில்டரைக் கழுவியாயிற்று, ஹோஸை மாற்றியாயிற்று, மோட்டாரையே கழற்றி மாட்டியாயிற்று. "ஒனக்கு என்ன கொறை வச்சேன், சனியனே!" என்று தொட்டியை ஓங்கிக் குத்தினான். அப்போதுதான் கவனித்தான். மூச்சை இழுத்துப் பிடித்தவன் வயிறு மாதிரி தொட்டி உள்ளே ஒட்டிப்போயிருந்தது. அதன் நெற்றியில், காற்று உள்ளே போக விட்டிருந்த துளையின் மேலேயே, நேற்று ஆயுத பூஜைக்கு அவன் தாராளமாக அப்பிய சந்தனப் பொட்டு கல்லாகக் காய்ந்திருந்தது.

நகத்தால் சுரண்டினான். தொட்டி நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "வந்துடுச்சுண்ணே!" சந்தனத் துணுக்கைக் கீழே போட மனமில்லாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தான்.

"அண்ணே, இப்ப தண்ணி கீழ எறங்க மாட்டேங்குது! பேசின் நெரம்பிக் கால்ல ஊத்துது!"

பொன்னுரங்கம் மெல்ல நிமிர்ந்து வண்டியின் கூரையைப் பார்த்தான். அங்கே கழிவுநீர்த் தொட்டிக்கான காற்றுக்குழாய் நின்றது. நேற்று ஏணி போட்டு ஏறி அதன் வாயில் அவன் திணித்து வைத்த செவ்வந்திக் கொத்து, வாடாமல் சிரித்துக்கொண்டிருந்தது.