பார்த்ததாகச் சொன்னது

கவாட்டா ஆட்டை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, முதுகில் சுமந்துவந்த தேன் குடுவையை இறக்கி வைத்தாள்.

"திருடினவன் வரலை. ஆடு பாரு, கயிறுகூட இல்லாம தானா வந்து நிக்குது" என்றார் தீட்டுக் கழிக்க வந்த கிழவர்.

ஆண்கள் சிரித்தார்கள். கவாட்டாவும் சிரிக்கப் பார்த்தாள். கிழவர் சொன்ன திருடன் முதெங்கி, அவள் புருஷன். அவரைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இப்போது அவளுடைய சின்ன மகள் ஒன்பது நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். பொய்ச் சத்தியம் செய்தால், சத்தியக் கொம்பான கிதிட்டு ஒரு ஆளோடு நிற்காது. எடுத்த பொருள் திரும்பும்வரை அந்த வீட்டில் ஒவ்வொருவராகத் தின்னும். அதனால்தான் தேனும் ஆடும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஆற்றங்கரைக் கல்மேல் அந்தக் கிதிட்டை வைத்தார்கள். என்னென்னவோ வேரும் பொடியும் அடைத்து, தோல்வாரால் இறுக்கிக் கட்டிய பழைய மாட்டுக்கொம்பு. பெண்கள் கிட்டே போகக் கூடாது. தள்ளி ஒரு பாறையில் நின்றுகொண்டிருந்தோம்.

சத்தியம் என் கணவர் மலுகி ஒரு வருஷமாகச் சேர்த்த தேனுக்காக. அதில் மது காய்ச்சிக் கொடுத்தால்தான் ஊர்ப் பெரியவர்களோடு அவரும் உட்கார முடியும். களஞ்சியத்திலிருந்து குடுவையோடு காணாமல் போயிருந்தது. முதெங்கி அதைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று நான்தான் சொன்னேன்.

முதெங்கி முதலில் வந்தார். குச்சியால் கொம்பை ஏழு முறை அடித்தார். "மலுகியோட தேனை நான் தொட்டிருந்தா இது என்னைத் தின்னட்டும்."

அடித்து முடித்தபின் ஒரு தடவை பாறைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்தது என் கணவர். "முதெங்கி எடுக்கலைன்னா இது என்னைத் தின்னட்டும்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஆறாம் மாதம், புதர் வெட்டப் போன இடத்தில் முதெங்கியைப் பாம்பு கடித்தது. இரண்டு நாள் கிடந்து செத்தார். ஊருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கிழவர் ஆட்டை அறுத்தார். குடல் சாணத்தையும் பச்சிலைத் தண்ணீரையும் கலந்து, இலைக்கொத்தால் இரண்டு வீட்டார் மேலும் தெளித்தார். என் கணவர் தேனில் விரலைத் தொட்டு நக்கி, "வந்து சேர்ந்திருச்சு. இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லை" என்றார்.

நானும் நக்க வேண்டும். நக்கினேன்.

ஆண்கள் இறைச்சி சுட உட்கார்ந்ததும் கவாட்டா என்னைக் களஞ்சியத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"கனினி, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்காதே."

"கேளுங்கக்கா."

"சாகிறவரைக்கும் நான் எடுக்கலை, நான் எடுக்கலைன்னுதான் சொன்னாரு. அப்ப யாருதான் எடுத்ததுன்னு கேட்டா வாயைத் திறக்கலை. போறப்பவாவது நிஜத்தைச் சொல்லித் தொலையேன், பிள்ளைங்களாவது பிழைக்கட்டும்னு திட்டிப்புட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறம் எங்கிட்டப் பேசவே இல்லை."

மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"நீ உன் கண்ணால பார்த்தே, இல்லே?"

இல்லை என்று நான் சொன்னால் முதெங்கி திருடனில்லை. அப்போது கிதிட்டை அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தவர் என் கணவர். என் வீட்டிலும் நான்கு பிள்ளைகள்.

"பார்த்தேங்கா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாரம் இறங்கியவள்போல நீளமாக மூச்சு விட்டாள்.

"போதும். ஒருவேளை அவரு சொன்னது நிஜமா இருக்குமோன்னு, தினமும் கூழ் குடிக்கிறதுக்கு முன்னால அவருக்குன்னு ரெண்டு சொட்டு தரையில ஊத்திட்டிருந்தேன். இனிமே ஊத்த மாட்டேன். கட்டினவ கிட்டயே பொய் சொன்ன மனுஷன், அங்க தாகத்தோட கிடக்கட்டும்."

நாலாம் நாள் அவள் மகள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாளாம். கிதிட்டு தேனை ஏற்றுக்கொண்டது என்று ஊரே பேசியது.

அன்றிலிருந்து முதெங்கிக்கு நான் ஊற்றுகிறேன். கம்பங்கூழில் முதல் வாய். பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் கணவர் பார்த்துவிட்டார். "யாருக்கு ஊத்துறே?"

"என் தம்பிக்கு."

தலையாட்டிவிட்டுப் போனார். தம்பி போன பஞ்சத்தில் செத்துப்போனான். உயிரோடு இருந்தவரை அவன் எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தவர்தான். செத்தவனோடு அவருக்குப் பகை இல்லை.

அந்தப் பஞ்சத்தில்தான், கணவர் சந்தைக்குப் போயிருந்த ஒரு நடுப்பகலில், தம்பி எலும்பும் தோலுமாக வந்து நின்றான். அவன் வீட்டில் பிள்ளைகள் இலையை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு பிடி கம்பு இல்லை. இருந்தது தேன் மட்டும்தான். குடுவையைத் தூக்கி நானே அவன் தோளில் வைத்தேன்.

அப்போது முதெங்கி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், தலையைக் குனிந்துகொண்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

எங்கே சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அன்று சாயங்காலமே நான் முந்திக்கொண்டேன்.

அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.