சாக்பீஸ் வட்டங்கள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள், கூரை ஓட்டைகள் வழியே இறங்கும் காலை வெயில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. விசைப்படகுகளைப் பழுதுபார்த்தே நரைத்துப்போன சாவியோ ஆசைப்பட்டு வாங்கிய முதல் கார். அவன் வயதைவிடப் பழையது. இப்போதைக்குப் பாதி வேலைக்குத்தான் கையில் காசு. எதைச் செய்வது, எதை விடுவது என்று சொல்ல டிங்கர் பஷீர் வந்திருக்கிறான். அதற்குள் துருப்பிடித்த இடமெல்லாம் சாவியோவே சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்திருக்கிறான். கதவடி, மட்கார்டு, தரைத்தகடு, டிக்கி மூடி என்று ஒன்றையும் விடவில்லை.

"இன்னா மாமு, வண்டிக்கு அம்மை போட்ட மாரி கீது?"

"போட்டுல ஒரு ஓட்டைய வுட்டாகூட தண்ணி பூந்துடும்ல?"

பஷீர் தரைத்தகட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற வட்டங்களை ஈரத்துணியால் துடைக்கிறான். ஒவ்வொன்று அழியும்போதும் சாவியோவின் கை தன்னையறியாமல் முன்னே நீண்டு மடங்குகிறது. வெளியே யாரோ ஐஸ் உடைக்கிறார்கள். பஷீர் காருக்குள் குனிந்து ஒரு பெடலைக் கையால் அழுத்துகிறான். அது முரண்டே பண்ணாமல் அடிவரை போய் அங்கேயே கிடக்கிறது. சாக்பீஸை வாங்கி பெடலின் கறுப்பு ரப்பரில் ஒரு வட்டம் போடுகிறான்.

"பிரேக்க மறந்துட்டியே மாமு."

சாவியோ அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"போட்டுல ஏதுடா பிரேக்கு?"