தலைவரின் கிட்டார்

"நாளைக்கு ஸ்டுடியோவுக்கு நீங்க வர வேண்டாம்ணே," என்றார் தலைவர், கிட்டாரைத் துடைத்தபடி.

சவுண்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றிக்கொண்டிருந்த ஒயர் கையிலிருந்து நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது.

தலைவருக்கு வயது இருபத்தொன்று. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, ஆறு பாடங்களில் ஃபெயில். கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிற ஃபங்க், சோல் பாட்டுக்கென்று வகுப்புப் பையன்களைச் சேர்த்துக் குழு ஆரம்பித்தவர். தன்னை எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். போஸ்டரில் அவர் முகம் முக்கால்வாசி இருக்கும். மற்றவர்கள் எல்லாம் ஸ்டாம்பு அளவு.

கார் நிறுத்தும் இந்த ஷெட்டில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டித் தொடங்கிய குழு அது. இரண்டே வருடத்தில் கல்லூரி மேடை, ஹோட்டல் மேடை என்று ஏறி, போன மாதம் விளையாட்டு மைதானத்தில் எட்டாயிரம் பேரை ஆடவைத்துவிட்டது. இப்போது பெரிய இசை கம்பெனியிலிருந்து அழைப்பு. நாளைக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்பார்கள். பிடித்தால் ஆல்பம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஒரு ஓரமா நின்னுக்கறேன் தம்பி," என்றார் சவுண்டுக்காரர். "அங்க சவுண்டு பாக்கறவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும்."

"என்ன, வேலை கேக்கவா?" தலைவர் சிரித்தார். "அவங்க மெஷினைப் பாத்தாலே உங்களுக்கு மயக்கம் வந்துடும். ரெண்டு வருஷமா நாலு குமிழைத் திருகினதைத் தவிர நீங்க என்னத்தக் கிழிச்சீங்க?"

ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு ஓடி ஓடி வந்த மனிதர். குனிந்து ஒயரைப் பொறுக்கினார். டிரம்ஸ்காரன் தன் குச்சியில் எதையோ தீவிரமாக ஆராய்ந்தான். பேஸ் கிட்டார்காரன் கூரையைப் பார்த்தான்.

தலைவருக்கு இவர்களைக் கண்டாலே இளக்காரம். டிரம்ஸ்காரன் தகரம் தட்டுகிறவன், டிரம்பெட்காரன் பீப்பி ஊதுகிறவன், பேஸ்காரனுக்கு இருக்கிற நாலு கம்பியே அதிகம். இந்தக் கண்றாவி தன் காதில் விழக்கூடாது என்றுதான், மேடையில் தன் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் தன் கிட்டார் மட்டுமே கேட்க வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார்.

"மைதானத்துல அத்தனை பேரும் யாருக்காக ஆடினாங்கன்னு நினைக்கறீங்க?" என்றார் தலைவர். "அம்மா போன்ல எடுத்திருக்காங்க. அதுல இவனுங்க தட்டுறதும் ஊதுறதும்தான் கேக்குது, என் கிட்டாரையே காணோம். நல்ல வாசிப்பைப் பிடிக்க நல்ல போன் வேணும்."

குழுவின் பாடகி, தலைவரின் தங்கைதான், முன்னால் வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணா, அவரும் வரட்டும்ணா. உன் கால்ல வேணா விழறேன்."

"உனக்கு என்ன திடீர்னு அவர் மேல இவ்வளவு கரிசனம்?"

"நாளைக்கு விட்டா இன்னொரு நாள் கிடைக்காதுண்ணா. நாங்க எல்லாரும் இதை நம்பித்தான் இருக்கோம்."

"ஒயர் சுத்தற ஆளு வரலேன்னா பாட்டு பாழாயிடுமா?" தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னை நம்பு. அங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லித்தான் பதிவு பண்ணுவாங்களாம். அப்ப இவனுங்க வண்டவாளம் தண்டவாளம் ஏறும். முதல் ஆளா நான்தான் உள்ள போறேன், சொல்லிட்டேன்."

சவுண்டுக்காரர் தங்கையைப் பார்த்து, வேண்டாம்மா என்பதுபோல் அவசரமாகத் தலையசைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா எந்த மேடையிலயும் அவர் உன் கிட்டாரை வெளிய கேக்க விட்டதே இல்லண்ணா."